பி.எட். கற்பித்தல் பயிற்சி: பள்ளியில் என்ன எதிர்பார்ப்பார்கள், எதை எப்படிச் செய்வது

கல்லூரி நோட்டீஸ் போர்டில் யாருக்கு எந்தப் பள்ளி என்று பட்டியல் ஒட்டியதும் எல்லோரும் முதலில் பார்ப்பது பஸ் வசதியைத்தான். தப்பில்லை, மாதக்கணக்கில் போய்வர வேண்டிய இடம். அதற்கடுத்து வரும் கேள்விகளை, அதாவது அங்கே போய் என்ன செய்வது, யாரிடம் கேட்பது, பிள்ளைகள் அடங்காவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் சீனியர்களிடம் கேட்டால், பதில் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டைப் பற்றியே இருக்கும். எத்தனை ரெக்கார்டு, என்ன கலர் அட்டை, யாரிடம் கையெழுத்து. அதுவும் வேண்டும்தான், கீழே சொல்கிறேன். ஆனால் வகுப்பறைக்குள் நடக்க வேண்டியதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பி.எட். படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

எவ்வளவு நாள், எதற்காக

பி.எட். 2015-16 முதல் இரண்டு வருடப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, இரண்டு வருடத்தில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம். கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இந்த 90ஐப் பலர் பயிற்சியின் பாதியில்தான் கவனிக்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணம், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கோச்சிங், டிஎன்பிஎஸ்சி தேர்வு என்று லீவு போடும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஒரு வருட பி.எட். முடித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் "எங்களுக்கு இவ்வளவு நாளெல்லாம் கிடையாது" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நாள் கூடியதற்குக் காரணம், வெறுமனே சில பாடம் நடத்திக் காட்டிவிட்டு வருவதைத் தாண்டி, ஒரு பள்ளி தினமும் எப்படி ஓடுகிறது என்று உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான். காலைப் பிரேயரில் நிற்பது, சத்துணவு வரிசையைப் பார்த்துக்கொள்வது, பெற்றோர் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்பது எல்லாம் இதில் சேர்த்தி.

கல்லூரியிலேயே நடக்கும் ஒத்திகை

பள்ளிக்கு அனுப்பும் முன் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். மைக்ரோ டீச்சிங் என்றால்தான் கல்லூரியில் எல்லோருக்கும் புரியும். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை இது. நம் ஊரில் வழக்கத்தில் இருக்கும் சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பிப்பது, 6 நிமிடம் கருத்துக் கேட்பது, 12 நிமிடம் திரும்பத் திட்டமிடுவது, 6 நிமிடம் மறுபடி கற்பிப்பது, கடைசி 6 நிமிடம் மறுபடி கருத்து. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திறன்தான். பாடம் தொடங்கும் திறன், விளக்கும் திறன், கேள்வி கேட்கும் திறன், வலுவூட்டும் திறன், கரும்பலகைத் திறன் என்று தனித்தனியாக எடுப்பார்கள்.

எதிரே ஐந்தாறு நண்பர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பு வரும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்த 12 நிமிடத் திருத்தமும் மறுகற்பித்தலும் நடக்காமலே "நடந்ததாக" எழுதிவிடுகிறார்கள். நடத்திப் பாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வது உங்களுக்குத்தான் நல்லது, ஏனென்றால் ஒரே விஷயத்தை ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் தடவை, திருத்திக்கொண்டு சொல்லிப்பார்க்கும் வசதி அப்புறம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. மாணவர்களாக நடிக்கும் நண்பர்களிடம் இன்னொன்று சொல்லிவையுங்கள்: எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லி உதவ வேண்டாம், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள் என்று.

பள்ளியில் முதல் நாள்

கல்லூரி கொடுக்கும் கடிதத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துப் பணியில் சேர்வதுபோலவே சேர வேண்டும். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி நகலும் கையில் இருக்கட்டும். பயிற்சி மாணவர்களுக்குத் தனி வருகைப் பதிவேடு வைப்பார்கள். காலை பிரேயர் மணிக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உடை விஷயத்தில் பெரும்பாலான கல்லூரிகள் பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு இன் செய்த சட்டை என்று வைத்திருக்கின்றன.

அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. உங்கள் பாடத்துக்கான வழிகாட்டி ஆசிரியர் யார், அவருடைய டைம்டேபிள், உங்களுக்குத் தரப்போகும் வகுப்பும் பிரிவும், இதுவரை எந்தப் பாடம் முடிந்திருக்கிறது, காலாண்டுத் தேர்வோ அரையாண்டுத் தேர்வோ எப்போது வருகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். தேர்வு வாரம் நடுவில் விழுந்தால் அந்த வாரமும் அதற்கு முந்தைய திருப்புதல் வாரமும் பாடம் நடத்த வகுப்பு கிடைக்காது, உங்கள் பாடத்திட்ட (லெசன் பிளான்) எண்ணிக்கை அப்படியே நிற்கும். பொதுவாக 6 முதல் 9 வரைதான் தருவார்கள். பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வு காரணமாகத் தரத் தயங்குவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஸ்டாஃப் ரூமில் ஒரு சின்ன விஷயம். காலியாக இருக்கும் நாற்காலி எல்லாம் காலி நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே உட்காரலாம் என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

முதல் வாரம்: பின் பெஞ்சில்

விதிமுறையிலேயே ஒரு வாரம் வகுப்பைக் கவனிப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வாரத்தை நம் ஆட்கள் ரெக்கார்டு எழுதவும் சார்ட் வரையவும் பயன்படுத்திக்கொள்வதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியிலும் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடிய வாரம் இதுதான், ஏனென்றால் உங்களுக்கு அங்கே வேறு எந்த வேலையும் இல்லை, பயமும் இல்லை.

பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரை மட்டும் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் யார் கை தூக்குகிறார்கள்? தினமும் அதே நான்கைந்து பேரா? ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பும்போது மூன்றாவது வரிசையில் என்ன நடக்கிறது? "புரிஞ்சுதா?" என்றதும் எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்கிறார்களே, அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் நோட்டை மெதுவாக எட்டிப் பாருங்கள். வெறும் தலைப்பு மட்டும் எழுதியிருக்கலாம். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளை இருந்தால், கண் பார்வைக் கோளாறாக இருக்கலாம். குறித்துவைத்து வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பெயர்கள். ஆசிரியர் வருகை எடுக்கும்போதே பெஞ்சு வரிசைப்படி ஒரு வரைபடம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். "ஏய் நீ, அந்த ப்ளூ ரிப்பன்" என்று கூப்பிடும் ஆசிரியருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவருக்கும் வகுப்பு நடந்துகொள்கிற விதமே வேறு. முதல் நாள் நீங்கள் பலகை முன்னால் நிற்கும்போது பத்துப் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் சத்தம் போடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

பாடத்திட்டம் எழுதுவது

கல்லூரிக்குத் தேவையான பாடத்திட்டம் நீளமானது: பொது விவரம், கற்பித்தல் நோக்கங்கள், முன்னறிவு, துணைக்கருவி, ஊக்குவித்தல், ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு, வீட்டுவேலை. நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ப்ளூம் 1956ல் கொடுத்த வகைப்பாட்டின் வழி வந்தது இது. இதை அப்படியே சீனியர் நோட்டிலிருந்து பெயர்த்து எழுதுவது பரவலான பழக்கம். கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு 40 நிமிடப் பீரியடை ஓட்ட முடியாது.

அதனால் ரெக்கார்டுக்கான திட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கையில் வைத்துக்கொள்ள அரைப் பக்கத்தில் இன்னொன்று எழுதுங்கள். அதில் நான்கு விஷயம் போதும். பீரியட் முடியும்போது பிள்ளைகளால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று ஒரு வரி. "தசம எண்களை அறிவர்" என்றில்லாமல் "இரண்டு தசம எண்களில் பெரியதைக் கண்டுபிடித்துக் காரணம் சொல்வார்கள்" என்பதுபோல. அடுத்து, அங்கே அவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்ற ஊகம். மூன்றாவது, நீங்கள் கேட்கப்போகும் மூன்று நான்கு கேள்விகள், வார்த்தை மாறாமல். வகுப்பில் நின்றுகொண்டு நல்ல கேள்வியை யோசிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். நான்காவது, நேரம் மிஞ்சினால் என்ன, போதாவிட்டால் எதை விடுவது. முதல் சில வகுப்புகளில் பயத்தில் வேகமாகப் பேசி இருபது நிமிடத்திலேயே எல்லாம் தீர்ந்துவிடும், மீதி நேரம் பிள்ளைகளும் நீங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

ஆங்கில வழிப் பிரிவு கிடைத்தால் இன்னொரு பாடு. புத்தகத்தில் உள்ளதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் விளக்குவதுதான் பல இடங்களில் நடக்கிறது. தமிழில் விளக்குவதில் தப்பில்லை, பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். ஆனால் தேர்வில் அவர்கள் எழுதப்போவது ஆங்கிலத்தில் என்பதால், அன்றைய பாடத்தின் முக்கியமான ஐந்தாறு சொற்களைப் பலகை ஓரத்தில் எழுதி, கடைசி ஐந்து நிமிடம் அவற்றை வைத்து ஒரு வாக்கியமாவது பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

பலகை முன்னால்

உள்ளே போனதும் வணக்கம், வருகை, அப்புறம் பலகையைத் துடைப்பது. மேலே தேதி, வகுப்பு, பாடம், தலைப்பு. பலகையை மனதுக்குள் மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் புதிய சொற்கள், நடுவில் பாடம், வலப்பக்கம் அழித்து அழித்து எழுத. எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே சோதனைதான்: காலையில் யாரும் வருவதற்கு முன் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் ஒரு மூலை பளபளக்கும், அந்த மூலையில் எழுதினால் ஒரு பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. இதையும் அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

எழுதிக்கொண்டே பலகையோடு பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், அப்புறம் பேசுங்கள். சத்தத்தை மீறிக் கத்துவதும் வேண்டாம், தடுப்பு மட்டும் போட்ட ஹாலாக இருந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் சுளிப்பார், உங்கள் தொண்டையும் ஒரே வாரத்தில் போய்விடும். சத்தம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் வரும் பெஞ்சுப் பக்கம் நடந்து போய் அங்கே நின்றுகொண்டு பாடத்தைத் தொடருங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

தப்பான விடை வரும்போது

வழிகாட்டி ஆசிரியர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதில் முதலாவது இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இதற்குத் தனிக் கட்டம் பார்த்ததில்லை.

7ஆம் வகுப்பு, தசம எண்கள். பலகையில் 0.5, 0.35 என்று எழுதி எது பெரியது என்று கேளுங்கள். வகுப்பில் பலர் 0.35 என்று கத்துவார்கள். புது ஆசிரியர் வழக்கமாகச் செய்வது என்ன? "இல்லை, வேற யாரு?" என்று கேட்டு, முன்வரிசையில் ஒரு பெண் 0.5 என்றதும் "வெரி குட்" சொல்லி, எல்லோரையும் கை தட்டச் சொல்லி, அடுத்ததுக்குப் போவது. வலுவூட்டும் திறனுக்கு ஒரு டிக். தப்பாகச் சொன்னவனுக்கு அவன் சொன்னது தப்பு என்பது மட்டும் தெரியும், ஏன் தப்பு என்று தெரியாது.

அதற்குப் பதில் அவனிடமே "எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். குரலில் குற்றம் சாட்டும் தொனி இருக்கக் கூடாது. "சார், அஞ்சை விட முப்பத்தஞ்சு பெருசு" என்பான். இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. முழு எண்களில் இத்தனை வருடமாகப் பழகிய விதியைப் புள்ளிக்கு வலது பக்கத்துக்கும் கொண்டுவருகிறான், அவ்வளவுதான். இதில் நமக்கும் பங்கு உண்டு. 0.35ஐ "பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து" என்று வாசித்துக் காட்டினால் அந்தக் குழப்பத்தை நாமே ஊட்டுகிறோம். "பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து" என்று வாசியுங்கள்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்து என்று ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். மொத்தம் நூறு கட்டம், அதுதான் 1. பத்துக் கட்டம் கொண்ட ஒரு வரிசை 0.1, ஒரு சின்னக் கட்டம் 0.01. ஒரு சதுரத்தில் 0.5, இன்னொன்றில் 0.35 கலர் அடிக்கச் சொன்னால், ஐந்து வரிசை ஒரு பக்கம், மூன்று வரிசையும் ஐந்து கட்டமும் மறுபக்கம். யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 0.5ம் 0.50ம் ஒன்றுதான் என்று காட்டுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சில பிள்ளைகள் இதிலிருந்து "எண் குட்டையா இருந்தா பெருசு" என்று ஒரு புது விதியைத் தாங்களே செய்துகொள்வார்கள். அதனால் உடனே 0.4, 0.65 என்று கேளுங்கள். புது விதிக்காரர்கள் 0.4 என்பார்கள். அவர்களைத் திரும்பக் கட்டத்துக்கே அனுப்புங்கள். கடைசி ஐந்து நிமிடம் எல்லோரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து 0.4, 0.18, 0.62 மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் அந்தத் தாள்களைச் சரி, முழு எண் விதி, குட்டை விதி என்று மூன்று கட்டாகப் பிரித்தால், அடுத்த நாள் பாடத்திட்டத்தை யாருக்காக எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். அறிவியல், சமூக அறிவியல், தமிழ் எதுவானாலும் முறை இதேதான். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் தவறுகிற இடங்கள் சில வருடாவருடம் மாறாமல் இருக்கும், வழிகாட்டி ஆசிரியருக்கு அவை அத்துப்படி. "இந்தப் பாடத்துல பசங்க எங்க சார் தப்பு பண்ணுவாங்க?" என்று முந்தின நாள் கேட்டுவிடுங்கள். அவருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும்.

அடி, திட்டு, செல்ஃபோன்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் தடை. பள்ளியில் யாராவது குச்சியைக் கையில் கொடுத்து "இது இல்லாம நடக்காதுங்க" என்றாலும் வாங்காதீர்கள். வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது, "உன் அண்ணன் எப்படிப் படிச்சான், நீ ஏன் இப்படி" என்பது எல்லாமே இதில்தான் வரும். வீட்டுவேலை செய்யாதவனை மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதாததற்குக் காரணம் பல சமயம் நோட்டு இல்லை என்பதாக இருக்கும்.

உங்களுக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களை அக்கா, அண்ணன் மாதிரிப் பார்ப்பார்கள், இன்ஸ்டா ஐடி கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஃபோன் நம்பரும் வேண்டாம். பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அறவே கூடாது. ரெக்கார்டுக்குப் படம் வேண்டும் என்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, முகம் தெளிவாகத் தெரியாதபடி பின்னாலிருந்து எடுங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தனக்கு வீட்டிலோ வேறெங்கோ பாலியல் தொல்லை நடப்பதாகச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்துவிடாதீர்கள். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19ன்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், பயிற்சி மாணவர் என்பதால் விலக்கு கிடையாது. பிள்ளை சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் போங்கள். ஆனால் அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது, புகார் காவல்துறைக்குப் போனதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417ம் இருக்கிறது. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

"மிஸ், அந்த கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்குங்க"

இது கட்டாயம் வரும். ஆசிரியர் லீவு, மீட்டிங், கலைத்திருவிழா ஒத்திகை, ஏதோ ஒரு காரணத்தால் உங்கள் பாடமே இல்லாத வகுப்புக்கு அனுப்புவார்கள். ஓரளவு போய்வருவது நல்லதுதான், பள்ளியின் கஷ்டமும் புரியும். கையில் எப்போதும் எந்த வகுப்புக்கும் பொருந்துகிற இரண்டு மூன்று செயல்பாடு வைத்திருங்கள்: சொல் சங்கிலி, மனக்கணக்கு, பாதிக் கதையைச் சொல்லி மீதியை எழுதச் சொல்வது.

ஆனால் சில பள்ளிகளில் பயிற்சி மாணவர் வந்தாலே வழக்கமான ஆசிரியர்கள் வகுப்புப் பக்கம் வருவது நின்றுவிடுகிறது, அல்லது நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றவும் உதவித்தொகைப் படிவம் நிரப்பவும் உட்கார வைத்துவிடுகிறார்கள். இது பயிற்சி ஆகாது. நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். எந்தெந்தத் தேதியில் எந்தப் பீரியடில் என்ன வேலை தந்தார்கள் என்று குறித்துவைத்து, பார்வையிட வரும் உங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டுங்கள். அவர் தலைமை ஆசிரியரிடம் பேசுவதுதான் முறை.

பின்னால் வந்து உட்கார்ந்து பார்ப்பவர்கள்

உங்கள் வகுப்பை மூன்று தரப்பு பார்க்கும்: வழிகாட்டி ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர், உடன் பயிலும் நண்பர்கள். பேராசிரியர் சொல்லாமல்கூட வருவார். அன்றைக்கென்று பெரிய சார்ட்டும் தெர்மாகோல் மாடலும் எடுத்துவந்து ஜமாய்க்க வேண்டும் என்று தோன்றும். பிள்ளைகள் அதைப் பார்த்ததுமே "இன்னைக்கு யாரோ வர்றாங்க" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். துணைக்கருவி தேவைப்பட்டால் மட்டும் போதும். பெரும்பாலான நாட்களில் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் பழைய காலண்டரும் சார்ட்டைவிட நன்றாக வேலை செய்யும், பிள்ளைகள் கையால் தொடலாம் என்பதால்.

நண்பர்களின் கவனிப்பு வெறும் சடங்காகிவிடுகிறது. ஒருவர் ரெக்கார்டில் ஒருவர் "குரல் நன்று, பலகை நன்று" என்று எழுதிக்கொள்வதுதான் நடக்கிறது. அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. நண்பரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "நான் இன்னைக்கு யார் யாரைக் கேள்வி கேட்கிறேன்னு பெஞ்சு படத்துல புள்ளி வை." பீரியட் முடிந்து பார்த்தால் எல்லாப் புள்ளியும் முன் வரிசையில், பையன்கள் பக்கம் மட்டும் இருக்கலாம். யாரும் கருத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

ரெக்கார்டுகள்

கல்லூரிக்குக் கல்லூரி எண்ணிக்கை மாறும். பாடத்திட்டம், கவனிப்பு, நுண்ணிலைக் கற்பித்தல், உளவியல் சோதனை, அடைவுத் தேர்வு, தனியாள் ஆய்வு, செயல் ஆய்வு, உடற்கல்வி, துணைக்கருவி ஆல்பம் என்று நீளும். வாராவாரம் எழுதி வாராவாரம் கையெழுத்து வாங்குவது ஒன்றே வழி. கடைசி வாரம் எல்லோரும் ஒரே வழிகாட்டி ஆசிரியர் முன்னால் கட்டுக்கட்டாக நிற்பதைப் பார்த்தால் அவருக்கே கோபம் வரும்.

இவற்றில் உண்மையாகவே செய்து பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று அடைவுத் தேர்வு. நோக்கங்களுக்கும் பாடப்பகுதிக்கும் மதிப்பெண் பங்கீடு போட்டு, வினாத்தாள் வரைவு தயாரித்து, தேர்வு நடத்தி, திருத்தி, சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் கண்டுபிடித்து வரைபடம் போடச் சொல்வார்கள். கணக்கு போடுவது சுலபம். அதைவிட, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று கேள்விவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். பாதிக்கு மேல் தவறிய கேள்வி என்றால் பாடம் நடத்தியதில் கோளாறு அல்லது கேள்வியின் வாசகத்தில் கோளாறு.

இன்னொன்று செயல் ஆய்வு, அதாவது உங்கள் வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினைக்கு ஒரு வழியைச் செய்து பார்த்து, பலன் இருந்ததா என்று சோதிப்பது. "மாணவர்களின் கணித அடைவை மேம்படுத்துதல்" மாதிரி பெரிய தலைப்பு எடுத்தால் எதையும் செய்ய முடியாது, கடைசியில் எண்களை இட்டுக்கட்ட வேண்டிவரும். உங்கள் வகுப்பில் ணகர னகரம் குழப்பும் ஏழெட்டுப் பேர், ஒரு மாதம், தினமும் பத்து நிமிடம். முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை. முன்னேற்றம் இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள், அதற்காக யாரும் ஃபெயில் போட மாட்டார்கள்.

கிளம்பும் முன்

கடைசி நாளில் கேக் வெட்டுவது, பிள்ளைகளுக்குப் பேனா கொடுப்பது எல்லாம் உங்கள் விருப்பம், தலைமை ஆசிரியர் அனுமதித்தால். ஆனால் அதற்கு முந்தைய வாரமே சில வேலை முடிந்திருக்க வேண்டும். வருகைச் சான்றிதழ், ஒவ்வொரு ரெக்கார்டிலும் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். முத்திரை ஆபீஸ் பீரோவில் இருக்கும், சாவி வைத்திருப்பவர் அன்று லீவாக இருப்பார், அதனால் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். நீங்கள் நடத்திய பாடங்களின் பட்டியல், தேர்வு மதிப்பெண், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இன்னும் தடுமாறுகிறது என்ற ஒரு பக்கக் குறிப்பு, இந்த மூன்றையும் வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் அதே வகுப்பை அவர்தான் தொடரப்போகிறார்.

பிறகு கல்லூரியில் செய்முறைத் தேர்வு, எல்லோரும் கமிஷன் என்று சொல்வது. வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து ரெக்கார்டுகளைப் புரட்டுவார்கள், பாடம் நடத்தச் சொல்லலாம், வாய்மொழிக் கேள்வி கேட்கலாம். செயல் ஆய்வில் இருந்துதான் அதிகம் கேட்பார்கள், ஏனென்றால் பெயர்த்து எழுதியவர்கள் மாட்டுவது அங்கேதான். பிள்ளைகள் எழுதிக்கொடுத்த அசல் துண்டுத்தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு ரெக்கார்டோடு எடுத்துப் போங்கள். மாணவர் பெயர் எழுதிய மூலைகளை மட்டும் மடித்தோ மறைத்தோ வையுங்கள்.